மலைத் தோட்டத்தில் மெல்ல வெந்த பன்றித் தொடை

தமிழர்களின் பண்டிகை விருந்தில் பன்றிக் கறிக்கு இடம் உண்டா? மேடையில் இந்தக் கேள்வியை எழுப்பிவிட்டால் போதும், அரங்கம் இரண்டாகப் பிரிந்துவிடும். "அது வெள்ளைக்காரன் கொண்டு வந்த பழக்கம்" என்பார் ஒருவர். "எங்கள் தோட்டத்தில் தீபாவளி என்றாலே அதுதானே!" என்பார் இன்னொருவர். இருவரும் பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். மீதிப் பாதியைத் தேடினால் சங்க இலக்கியத்தில் தொடங்கி, கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள் வழியாக, சிகாகோ நகரில் பிறந்த ஒரு மின்சாரப் பானையில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில் இலக்கியம். பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் நூல். அதில் கள் விற்கும் குடியினரின் வீட்டில் பாணர்களுக்குக் கிடைக்கும் விருந்து பற்றிய பகுதி ஒன்று உண்டு. ஆண் பன்றியைக் குழியில் நிறுத்தி, நன்றாகத் தீனி போட்டுக் கொழுக்க வைத்து, அந்தக் கொழுத்த இறைச்சியைக் கள்ளோடு கொடுப்பார்களாம். ஆக, வெள்ளைக்காரன் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, விருந்துக்கென்று பன்றி வளர்த்தவர்கள் தமிழ் மண்ணில் இருந்திருக்கிறார்கள். எல்லாத் தமிழரும் சாப்பிட்டார்கள் என்பது இதற்குப் பொருளல்ல. அன்றும் சரி, இன்றும் சரி, சாப்பிடாதவர்கள் ஏராளம். அது அவரவர் விருப்பம், அவரவர் நம்பிக்கை.

வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்தது பன்றியை அல்ல. கேமன் என்ற பதத்தை. பன்றியின் பின்னந்தொடையை உப்பு நீரில் நாள் கணக்கில் ஊறவைத்துப் பதப்படுத்தினால் அது கேமன். அதை வேகவைத்தால் ஹாம். வெடியுப்பு சேர்ப்பதால்தான் வெந்த பிறகும் அந்த இளஞ்சிவப்பு நிறம் போகாமல் இருக்கிறது. நம் பாட்டிமார்களின் உப்புக்கண்டத்துக்கு இது தூரத்து உறவு. நாம் ஆட்டிறைச்சியைச் சிறு துண்டுகளாக்கி, உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து வெயிலில் காயவிட்டோம். வெயில் குறைந்த நாட்டுக்காரன் முழுத் தொடையையும் தொட்டிக்குள் போட்டான். ரோமானியரான கேட்டோ கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுதிய விவசாய நூலிலேயே பன்றித் தொடைக்கு உப்புப் போடும் முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் வில்ட்ஷியர் பகுதியில், கால்ன் என்ற ஊரைச் சேர்ந்த ஹாரிஸ் குடும்பத்தார் பனிக்கட்டியின் குளிர்ச்சியைப் பயன்படுத்திக் கோடைக் காலத்திலும் பதப்படுத்தக் கற்றுக்கொண்டார்கள். அதன் பிறகு அது தொழிற்சாலைப் பண்டமாகிவிட்டது. கப்பலேறிக் காலனி நாடுகளுக்கும் வந்தது.

இனி மலைக்கு வருவோம். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் பகாங் எல்லையில் அளவை செய்தபோது இந்த மேட்டு நிலத்தைப் பற்றிக் குறிப்பு எழுதினார். நாற்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பு தூங்கியது. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகுதான் மலைவாசத்தலம் அமைக்கும் வேலை சூடு பிடித்தது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்ற வணிகர் நிலம் பெற்று 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். உலகமே பொருளாதார மந்தத்தில் விழுந்த ஆண்டு அது. காட்டை வெட்டித் திருத்தக் கோவேறு கழுதைகளும் பழைய ஸ்டீம் ரோலர் ஒன்றும் பயன்பட்டதாக அந்த நிறுவனத்தின் வரலாறு சொல்கிறது. கழுதைக்கும் ரோலருக்கும் வரலாற்றில் இடம் கிடைத்துவிட்டது. மண்வெட்டி பிடித்த தமிழ்க் கைகளின் பெயர்கள்தான் எங்கேயும் இல்லை.

சமையலறையிலும் இதே கதைதான். துரைமார் பங்களாவில் கிறிஸ்துமஸ் விருந்தென்றால் மேசை நடுவில் ஹாம் இருக்கும். சமவெளியில் வேர்த்து விறுவிறுக்க இருந்த வெள்ளைக்காரர்கள் குளிரையும் கணப்பையும் தேடி மலைக்கு வந்ததே, ஊரில் இருப்பது போன்ற நினைப்புக்காகத்தான். இறைச்சி எங்கிருந்து வரும்? 1903இல் சிங்கப்பூரில் தொடங்கப்பட்ட கோல்டு ஸ்டோரேஜ் நிறுவனம் ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியை இறக்குமதி செய்தது. மலாயாவின் பெரிய ஊர்களிலும் கிளை வைத்தது. தகரத்தில் அடைத்த ஹாமும் வந்தது. இதையெல்லாம் சமைத்தவர் துரைசானி என்று நினைத்துவிடாதீர்கள். மலாயாவின் வெள்ளைக்காரர் வீடுகளில் அடுப்படி பெரும்பாலும் ஹைனான் தீவிலிருந்து வந்த சீனச் சமையல்காரர் பொறுப்பில் இருந்தது. தோட்டத்துப் பங்களாக்களில் தண்ணீர் சுமக்க, விறகு பிளக்க, தோட்டம் பார்க்கத் தமிழர்கள் இருந்தார்கள். விருந்துக்குப் பெயர் துரையுடையது, வேர்வை மற்றவர்களுடையது.

அந்த அடுப்பில் ஒரு சங்கடம் உண்டு. கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் சுமார் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று பார்த்தால் கறி வேகாது! எவ்வளவு விறகைத் தள்ளினாலும் திறந்த பானையில் அதற்கு மேல் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். நேரத்தைத்தான் கூட்டியாக வேண்டும். தொடைக்கறியில் நாரும் சவ்வும் அதிகம். அந்தச் சவ்வு மெல்லக் கரைந்து பசையாக மாறினால்தான் கறி பூப்போல் பிரியும். அதற்குக் கடும் தீ தேவையில்லை, மணிக்கணக்கில் மிதமான சூடு போதும்.

இந்த உண்மையை லயத்து வீடுகளுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு மலைச்சரிவில் கொழுந்து. பண்டிகைக்கு முதல் நாளும் பெரும்பாலும் வேலை நாள்தான். அடுப்பருகே உட்கார்ந்து கிளறிக் கொண்டிருக்கப் பெண்ணுக்கு நேரம் ஏது? கனத்த சட்டியில் கறியைப் போட்டு, மூடி வைத்து, விறகை இழுத்துத் தணலை மட்டும் விட்டுவிட்டால் அது தன் பாட்டுக்கு வேகும். ஆடு வெட்டிக் கூறு போட்ட வீட்டில் ஆட்டுக்கறி. காட்டுப்பன்றி கிடைத்த வீட்டில் மிளகும் சோம்பும் தூக்கலாகப் பன்றிப் பிரட்டல். பங்களாவில் மெல்ல வேகவைப்பதற்குப் பெயர் சமையல் கலை. லயத்தில் அதற்குப் பெயரே கிடையாது.

பிறகு வந்தது அவசரகாலம். 1948 முதல் 1960 வரை கம்யூனிஸ்ட் கொரில்லாக்களுக்கு எதிராக நடந்த அந்தப் போரில், துப்பாக்கிக்கு நிகராகச் சோறும் ஆயுதமாயிற்று. காட்டிலிருப்பவர்களுக்கு உணவு போய்விடக் கூடாது என்று அரிசிக்குப் பங்கீடு வந்தது. வேலைக்குப் போகும் தொழிலாளி சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டு போகத் தடை, வாசலில் சோதனை. சில வட்டாரங்களில் வீட்டில் சோறு பொங்கக்கூட அனுமதி இல்லை. பொதுச் சமையலறையில் ஆக்கிய சோற்றைத்தான் வாங்க வேண்டும். அரிசியைப் பதுக்கலாம், வெந்த சோறு மறுநாளே கெட்டுவிடும் அல்லவா? கடைக்காரர் தகர உணவை விற்கும்போதே டப்பாவில் துளை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். தகரத்தில் அடைத்த ஹாமின் பெருமையே மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதுதான். ஒரு துளையில் அந்தப் பெருமை போயிற்று. ஒரு பானையை அடுப்பில் விட்டுவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போவதுகூட எவ்வளவு பெரிய சுதந்திரம் என்பதை அந்தத் தலைமுறைதான் சொல்ல முடியும்.

இப்போது அந்த மின்சாரப் பானை. ஸ்லோ குக்கரைக் கண்டுபிடித்தவர் இர்விங் நாக்சன் என்ற அமெரிக்க யூதர். லித்துவேனியாவில் அவருடைய தாய்வழியினர் வாழ்ந்த ஊரில் ஒரு வழக்கம். சனிக்கிழமை யூதர்களுக்கு ஓய்வு நாள், தீ மூட்டக் கூடாது. எனவே வெள்ளி மாலையே அவரையும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டிக் கடை அடுப்பில் வைத்துவிடுவார்கள். ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பின் சூட்டிலேயே இரவு முழுக்க வெந்து, மறுநாள் வீட்டுக்கு வரும். இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த நாக்சன், அதே வேலையைச் செய்யும் மின்பானைக்கு 1940இல் காப்புரிமை பெற்றார். 1970இல் ரைவல் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, மறு ஆண்டு 'கிராக் பாட்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. காலையில் போட்டுவிட்டு வேலைக்குப் போ, மாலையில் வந்து சாப்பிடு என்ற விளம்பரம், வீட்டைவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த அமெரிக்கப் பெண்களை ஈர்த்தது. பன்றியைத் தொடாத சமூகத்தின் ஓய்வுநாள் பானை, இன்று உலகமெங்கும் கிறிஸ்துமஸுக்குப் பன்றித் தொடையை வேகவைக்கிறது. வரலாறு இப்படியெல்லாம் குறும்பு செய்யும்.

கேமரன் மலைக்கு இதில் இன்னொரு தொடர்பும் உண்டு. ரிங்லெட் அருகே பெர்த்தாம் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் எழுந்தது. மலையின் ஆறுகளைத் திருப்பிச் சுரங்கம் வழியே கீழே இறக்கி மின்சாரம் எடுத்தார்கள். தேயிலைச் சரிவுகளில் பெய்த மழை, நாட்டின் வீடுகளுக்கு மின்விளக்காகவும் மின் அடுப்பாகவும் போய்ச் சேர்ந்தது.

பன்றிக் கறி என்று பேசிவிட்டு 1998ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு பேராக்கில் தொடங்கி நெகிரி செம்பிலானுக்குப் பரவிய நிபா கிருமி, 1999இல் அடங்குவதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்டன. பண்ணைகளில் கூலிக்கு நின்றவர்கள்தான் முதலில் அடிபட்டார்கள். நோய் தொற்றியது உயிருள்ள பன்றிகளோடு நெருங்கிப் பழகியவர்களுக்கு. வெந்த கறியால் அல்ல. ஆனாலும் பல வீடுகளின் பண்டிகை மேசையிலிருந்து அந்தக் கறி விலகிப் போயிற்று.

லயங்களிலும் காட்சி மாறிவிட்டது. கொழுந்து வெட்டும் கைகளில் பெரும்பகுதி இன்று வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா போன்ற நாடுகளிலிருந்து வந்தவை. தோட்டத்துத் தமிழர்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறார்கள். அங்கே விறகும் இல்லை, தணலும் இல்லை. பல வீடுகளில் ஸ்லோ குக்கர் இருக்கிறது.

பண்டிகைக்கு கேமன் வாங்குபவர்கள் முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இல்லையேல் உப்புக் கரிக்கும். இரண்டு கிலோ துண்டென்றால் வெங்காயம், மிளகு, கிராம்பு, பிரிஞ்சி இலையோடு குறைந்த சூட்டில் ஏழெட்டு மணி நேரம். தண்ணீருக்குப் பதிலாகக் கட்டித் தேநீரில் வேகவைப்பவர்களும் உண்டு. மலைத் தேயிலைக்கு அது பொருத்தம்தான். வெந்ததும் தோலை உரித்து, கொழுப்பில் கட்டம் கட்டமாகக் கீறி, தேனும் கடுகு விழுதும் தடவி, அரை மணி நேரம் ஓவனில் வைத்தால் மேல்பகுதி பளபளக்கும். முஸ்லிம் நண்பர்களும் வரும் திறந்த இல்ல உபசரிப்பாக இருந்தால், இதை அன்று சமைக்காமல் வேறொரு நாளுக்குத் தள்ளி வைப்பதே மலேசிய வீடுகளில் பலரும் கடைப்பிடிக்கும் மரியாதை. வெந்த சாற்றை மட்டும் கொட்டிவிடாதீர்கள். அடுத்த நாள் அதிலேயே துவரம்பருப்பை வேகப்போடலாம். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.