ஊரகத் தொண்டு நிறுவனங்களின் நிதி மேலாண்மை

ஊரகத் தொண்டு நிறுவனங்கள் நன்கொடையும் மானியமும் பெற்று, செலவிட்டு, கணக்கு எழுதி, தணிக்கை செய்விக்கும் நடைமுறைகளின் தொகுப்பு. தமிழ்நாட்டில் இவை பெரும்பாலும் 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கமாகவோ, பத்திரம் பதிந்த அறக்கட்டளையாகவோ இயங்குகின்றன.

தாம்பரத்தில் அலுவலகம், மதுராந்தகம், செய்யூர் பக்கம் களப்பணி என்றிருக்கும் அமைப்புக்குச் சிக்கல் வவுச்சரில் தொடங்குகிறது. முகாமுக்குச் சமைத்தவரிடமும் பந்தல் போட்டவரிடமும் பில் புத்தகம் இருக்காது. அமைப்பே வவுச்சர் எழுதி, எதற்கான செலவு என்று குறித்து, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் போட்டு, கையெழுத்தோ கைநாட்டோ வாங்குகிறது. 5,000 ரூபாயைத் தாண்டினால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், வருமான வரித்துறை அதை அறச்செலவாக ஏற்பதில்லை. வரிவிலக்குக்கு ஆண்டு வருமானத்தில் 85 விழுக்காட்டை நோக்கத்துக்காகச் செலவிட வேண்டும் என்பதால், தள்ளுபடியாகும் ஒவ்வொரு வவுச்சரும் இடிக்கும்.

திட்டத்துக்குத் திட்டம் தனிக்கணக்கு வேண்டும். தவணை தாமதமானால் வேறு திட்டப் பணத்தில் சம்பளம் போட்டுவிட்டுப் பிறகு சரிக்கட்டுவது உண்டு. தணிக்கையில் மாட்டுவதும் இதுதான். காசோலைக்கு இருவர் கையெழுத்து என்பது நல்ல விதி. அந்த இருவரும் கணவன் மனைவி என்றால் விதி இருந்தும் பயனில்லை. உறவினரைச் சேர்த்துப் பார்க்கும் கண்டிப்பு இவ்வட்டாரத்தில் பழையது. உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (பொ.ஆ. 919, 921), ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரோடு அவருடைய உறவினரையும் குடவோலைத் தேர்வில் சேர்க்கக் கூடாது என்கின்றன.

வெளிநாட்டு நன்கொடைக்கு 2010ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். 2020 திருத்தத்துக்குப் பின் அப்பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புது டெல்லி முதன்மைக் கிளைக்குத்தான் முதலில் வர வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்குக் கொடுக்க முடியாது. நகரத்துப் பெரிய நிறுவனங்கள் வழியாகப் பணம் பெற்றுவந்த சிற்றூர் அமைப்புகளுக்கு அந்த வழி அடைபட்டது. நிர்வாகச் செலவின் வரம்பும் 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைந்தது. கணக்கு எழுதும் செலவும் நிர்வாகச் செலவில்தான் சேரும். கூடுதல் கணக்கு கேட்கும் சட்டம் கணக்கருக்கான பணத்தைச் சுருக்கியிருப்பது முரண். இச்சட்டப்படி பதிவு பெற்ற அமைப்பு, வெளிநாட்டிலிருந்து ஒரு ரூபாயும் வராத ஆண்டிலும், நிதியாண்டு முடிந்த ஒன்பது மாதங்களுக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.