குளிர் காய்தல்

உதகமண்டலத்திற்குச் சற்று அப்பால், ஒரு வாடகை வீட்டில் ஒரு மார்கழி மாதத்தைக் கழிக்க வேண்டிய அவசியம் எனக்கு ஒரு சமயம் நேர்ந்தது. சமவெளியில் பிறந்து, விறகென்றால் சமையலுக்கு மாத்திரமே உரியது என்ற எண்ணத்திலேயே வளர்ந்தவனுக்கு, கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில், விடியற்காலையில் புல்நுனியெல்லாம் உறைபனி உப்புப் பூத்தாற்போலப் படிந்திருக்கும் அந்த ஊரில், அடுப்பில் நெருப்பில்லாவிட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம், கூடத்தில் நெருப்பில்லாவிட்டால் உயிர் தரியாது என்னும் ஞானம் முதல் இரவிலேயே உதயமாயிற்று. மறுநாள் ஒரு கடையிலிருந்து ஒரு வண்டி விறகு வந்திறங்கியது. கடையின் பெயர் நமக்கு வேண்டாம். விறகு என்னமோ கண்ணுக்கு அழகாகத்தான் இருந்தது. கணப்பில் வைத்தபோதுதான் அதன் குணம் தெரிந்தது. கட்டையின் ஒரு முனை மனமில்லாமல் கருக, மறுமுனை நுரை கக்கி உஸ்ஸென்று சீற, இரண்டு நாட்கள் நாங்கள் நெருப்பில்லாத புகையில் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தோம்.

மூன்றாம் நாள், பெருங்கட்டைகளைப் பிளந்து தருவதற்காக ஒரு முதியவர் வந்தார். கோடரியைத் தொடுமுன் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். காய்ந்த விறகாயிருந்தால் 'ணங்' என்று சப்திக்க வேண்டும். இவை 'பொத்' என்றன. வெட்டுவாயைத் திருப்பிப் பார்த்தார்; நட்சத்திரம்போல் நடுவிலிருந்து நாலாபுறமும் ஓட வேண்டிய வெடிப்புகள் அங்கே இல்லை. "இதே இன்னும் காயலீங்களே, நீங்க எங்கீங்க குளிர் காயறது?" என்றார்.

அவர் சிலேடையாகப் பேசவில்லை. கட்டையின் காய்தலையும் மனிதனின் காய்தலையும் ஒரே வினையால் சொல்லும் பாஷையைத் தாய்ப்பாலோடு பருகியவர் வேறு எப்படிச் சொல்வார்? ஆயினும் அன்று முதல் அந்தச் சொல் என்னை விடவில்லை.

காய்தல் என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களை ஒருங்கு சேர்த்துப் பார்த்தால் திகைப்பு உண்டாகும். ஈரம் வற்றுவது காய்தல், சூடேறுவது காய்தல், வெயில் காய்கிறது, நிலவோ குளிர்ந்த ஒளியுடையதாயிருந்தும் அதுவும் காய்கிறது, கண்டு களிக்க ஆளில்லாவிடில் காட்டில் காய்ந்த நிலாவாகிறது. பசித்தவன் வயிறு காய்கிறது. சினமுற்றவன் பகைவனைக் காய்கிறான். அதனாலேயே நடுநிலைமையுள்ள புலவனைக் காய்தல் உவத்தல் அற்றவன் என்கிறோம். உடம்பு சுட்டால் காய்ச்சல். பாலைச் சுட வைத்தால் காய்ச்சுதல். இவை யாவற்றுக்கும் அடியில் உஷ்ணம் என்ற ஒரே கருத்துக் கிடக்கிறது என்பதும், வறட்சி என்பது அந்த உஷ்ணத்தின் காரியமே என்பதும் சற்று நிதானித்தால் விளங்கும்.

இந்த விஷயத்தில் திராவிட மொழிகள் ஒரே குரலில் பேசுகின்றன. மலையாளத்தார் தீ காயுகிறார்கள். கன்னடர் சளி காயிசுகிறார்கள், அவர்களுடைய சளி நம் மூக்குச் சளியன்று, குளிர். தெலுங்கர் அதே குளிரைச் சலி என்று கூறிச் சலி காசுகொள்கிறார்கள். இவற்றின் வேர்களையெல்லாம் தொகுத்துப் பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைவு வருவதுண்டு. அவ்விருவரில் எமனோ, 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கி, இதே நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளைக் கேட்டுக் கேட்டு எழுதியவர். அந்த மலைக்குளிரில் அவரும் ஏதோ ஒரு நெருப்பருகே கைகளை நீட்டிக் காய்ந்துகொண்டேதான் எழுதியிருப்பார் என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

தொகைகளை இலக்கணக் கண்ணால் பார்த்தால் இன்னும் சுவாரசியமான ஒன்று தென்படும். 'தீக்காய்தல்' என்றால் தீயின்கண் காய்தல். 'வெயில் காய்தல்' என்றாலும் அப்படியே. ஆனால் 'குளிர் காய்தல்' என்னும்போது குளிரில் காய்வதாகப் பொருள் கொண்டால் பிரமாதமான அபத்தமாகும். குளிருக்காகக் காய்தல், அதாவது குளிர் நீங்குதற்பொருட்டுக் காய்தல் என்று நான்காம் வேற்றுமையை உள்ளே வைத்துத்தான் அதைப் பிரிக்க வேண்டும். வெளித்தோற்றத்தில் ஒரே அச்சில் வார்த்தாற்போலிருக்கும் தொடர்களில் ஒன்று மருந்தையும் மற்றொன்று நோயையும் முன்னே நிறுத்திக்கொண்டு நிற்க, தமிழ்க் குழந்தை ஒருபோதும் இவற்றுள் மயங்குவதில்லை. தென்பாண்டிச் சீமையில் 'கூதல் காய்தல்' என்பார்கள். கூதிர்ப் பருவத்தின் கூதிரும் இந்தக் கூதலும் ஒரு தாய் மக்கள்.

பழந்தமிழர் குளிர் காய்ந்த பாத்திரத்துக்குத் தடவு என்று பெயர். பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையில் நக்கீரர் கூதிர்க்காலத்து நகரத்தைக் காட்டும் இடத்தில், குளிர்ந்த நீர்க் கலங்களை ஒருவரும் நாடாமல், எல்லோரும் அகன்ற வாயையுடைய தடவில் செந்நெருப்பையே அருந்துவார்போலக் கூடியிருந்ததைக் கூறுகிறார். தண்ணீரை விட்டு நெருப்பை உண்டார்கள் என்னும் அந்தக் கற்பனையின் நயத்தை, புகைந்த விறகோடு இரண்டு நாள் போராடிய பிறகுதான் நான் முழுமையாக அநுபவித்தேன். தடவு என்ற சொல் வழக்கிழந்து போக, பிற்காலத்தில் இந்தளம் என்றும், கணப்புச்சட்டி என்றும், குமட்டி என்றும் வேறு வேறு பெயர்கள் அதன் ஸ்தானத்தில் வந்து அமர்ந்தன. திருவள்ளுவரும் மன்னரைச் சேர்ந்தொழுகுவோருக்கு இலக்கணம் வகுக்கையில், மிக விலகாமலும் மிக நெருங்காமலும் தீக்காய்வாரையே உவமை கூறுகிறார். அரசசபையை அவர் அறிந்திருந்தாரோ இல்லையோ, நல்ல கணப்பு ஒன்றை அறிந்திருந்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கணப்புச்சட்டியில் கரியைக் கொட்டிச் சன்னல்களையெல்லாம் இறுக மூடிவிட்டு உறங்குவதை மட்டும் எந்தக் கவியும் சிபாரிசு செய்யவில்லை. மலையூர்களில் அவ்வாறு உறங்கி, வாசனையற்ற நச்சுவாயுவினால் எழுந்திராமலே போனவர்கள் உண்டு.

இனி விறகு. இச்சொல் சங்க நூல்களிலேயே இன்றுள்ள உருவிலும் பொருளிலும் காணப்படுகிறது. மலையாளத்திலும் அஃது அப்படியே உளது. கன்னடரோ சௌதெ, கட்டிகெ என்பர். தெலுங்கர் கட்டெலு என்பதோடு வண்ட செரகு என்றும் சொல்வர். வண்ட என்றால் சமையல். செரகு என்பது அவர்களிடத்தில் கரும்புக்கும் பெயராகையால், சமையற்கரும்பு என்று நாம் வேடிக்கையாக மொழிபெயர்த்துக்கொள்ளலாம். ஸம்ஸ்கிருதத்திலுள்ள இந்தனம், ஸமித்து ஆகிய இரண்டும் மூட்டி எரித்தல் என்னும் பொருளுள்ள ஒரே தாதுவிலிருந்து பிறந்தவை. அம்மொழி விறகை அது நெருப்பில் அடையப்போகும் கதியைக் கொண்டு அழைக்கிறது. தமிழின் விறகில் நெருப்பின் வாசனையே இல்லை. விறைத்தல் என்பதனோடு அதைச் சேர்த்துப் பார்க்க எனக்கு வெகுநாளாக ஓர் ஆசை. பச்சைக் கொம்பு வளையும், காய்ந்த கொம்பு விறைக்கும், விறைத்தது விறகு. ஓசையின்பத்தை மட்டும் நம்பிச் சொற்களுக்குக் கல்யாணம் செய்துவைப்பது நம்மவர்க்குள் ஒரு பழைய வியாதியாதலால், இதனை என் ஆசையாகவே சொல்லி நிறுத்துகிறேன்.

சொக்கநாதப் பெருமானே தலையில் சுமந்து மதுரை வீதியில் விற்ற சரக்கு இது. பாணபத்திரர் என்னும் பாணரின் பொருட்டு, இசைவாதுக்கு வந்த ஏமநாதனை ஊரைவிட்டு ஓட்டிய அந்தக் கதைக்குப் பரஞ்சோதி முனிவர் வைத்த பெயர் விறகு விற்ற படலம் என்பதேயன்றி இசை பாடிய படலம் என்பதன்று.

விறகைப் பிளக்கும் தொழிலுக்கும் ஊருக்கொரு சொல் உண்டு. சென்னையில் விறகு பிளப்பார்கள், யாழ்ப்பாணத்தில் கொத்துவார்கள், மலையாளத்தில் கீறுவார்கள். நான் கண்ட முதியவர் முதலில் கட்டையைச் சுற்றி வந்து, கணு எங்கே இருக்கிறது, நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது என்று நாடி பார்த்தார். பிறகு ஓங்கிய கோடரி தன் பாரத்தினாலேயே இறங்கியது. அவர் அதை வழிநடத்தியதன்றி அமுக்கவில்லை. இடங்கொடாத கட்டைக்கு மாத்திரம் ஆப்பு. ஆப்பு என்றதும் பஞ்சதந்திரத்தில் பாதி பிளந்த மரத்திலிருந்து அதைப் பிடுங்கி வால் நசுங்கிய குரங்கு நினைவுக்கு வரும். இக்காலத்தில் ஒருவருக்கொருவர் வைத்துக்கொள்ளும் ஆப்பில் மரமும் இல்லை, குரங்குக்கு நேர்ந்ததுபோன்ற நியாயமும் இல்லை.

அன்று அவர் பிளந்தது கற்பூர மரம். உண்மையான கற்பூரத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து 1843இல் நீலகிரிக்கு வந்த யூக்கலிப்டஸ் மரத்துக்கு, இலையைக் கசக்கினால் வீசும் நெடியைக் கொண்டு மலைமக்கள் இட்ட பெயர் அது. வெள்ளைக்காரர் கட்டிய பங்களாக்களின் கணப்புகள் சோலைக்காடுகளைத் தின்று தீர்க்கத் தொடங்கவே, விறகுக்கென்றே 1856 முதல் அம்மரத்தைத் தோப்புத் தோப்பாக வளர்க்கலாயினர். அவ்வாறே வந்த வாட்டில் மரத்துக்குச் சீகை என்று பெயர். அதுவும் நம் சீகைக்காயும் ஒரே குடும்பமாகையால் இந்தப் பெயரில் பிழையில்லை. கற்பூர மரத்தில் ஒரு தந்திரம் உண்டு: பச்சையாயிருக்கும்போதே பிளந்துவிட வேண்டும்; முழுக்கட்டையாகக் காயவிட்டால் நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு இரும்பாகிவிடும். ஆகவே அங்கே முறை பிளந்து காய வைப்பதேயன்றிக் காயவைத்துப் பிளப்பதன்று.

பச்சை மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி தண்ணீர். மணங்குக் கணக்கில் நிறுத்து விற்ற காலத்தில், 8 வீசை கொண்ட ஒரு மணங்கு ஈரவிறகு வாங்கியவன் 4 வீசைக்குச் சமீபமான தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கி வந்து, அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதற்காக மீதி விறகிலும் ஒரு பகுதியைச் செலவழித்தான். நானும் அதையே செய்தேன். நிறுத்த கைக்கு எடை மோசமில்லை. மோசம் விறகுக்குள்ளே இருந்தது. முதியவரின் ஏற்பாடு இது: தரையில் இரண்டு நீளக் கழிகளைப் போட்டு, மண் படாமல் அவற்றின்மேல் அடுக்குவது, பட்டைப்பக்கம் வானத்தைப் பார்க்க வைப்பது, ஏனெனில் உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடாத பட்டை மழையையும் உள்ளே விடாது, மேலே மாத்திரம் மூடிப் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுவது. ஐந்தில் ஒரு பங்கு ஈரத்துக்கு அது இறங்க ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். அன்றைய செலவுக்கு வேண்டியதை அடுப்புக்கு நேர்மேலே பரணில் ஏற்றிப் புகையில் காயவைப்பார்கள். இந்தப் பழக்கமும் இன்று நேற்று வந்ததன்று. தீக்கடையும் ஞெலிகோலை வீட்டிறப்பில் செருகிவைத்த வழக்கத்தைப் புறநானூற்றில் ஔவையார் அதியமானுக்கு உவமையாக எடுத்தாள்கிறார். செருகியிருக்கையில் இருப்பதே தெரியாது. வேண்டும்போது நெருப்பாக வெளிப்படும்.

விறகு அடுக்கிவைத்து விற்கும் இடத்தின் பெயர்கள்தாம் என்னை மிகவும் ஈர்த்தவை. சென்னையில் அதற்கு விறகுத் தொட்டி என்று பெயர். தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொண்டு, விறகைத் தொட்டியிலா போட்டு வைப்பார்கள் என்று சிறுவயதில் நான் ஆச்சரியப்பட்டதுண்டு. இந்தத் தொட்டி வேறு. வேலியோ சுவரோ சூழ்ந்த வெளி என்பது அதன் பொருள். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு இனமான, மெல்லோசையுடைய 'தொ³ட்³டி³' ஆடுமாடு அடைக்கும் பட்டியைக் குறிக்கும். சென்னையின் ஆட்டுத்தொட்டியிலும் அதே பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடலுக்கு அப்பால் ஈழத்திலோ விறகு விற்கும் இடம் விறகுகாலை. மரம் விற்பது மரக்காலை. அந்தக் காலை விடியற்காலையன்று. மாட்டுக்காலை என்று அங்கே வழங்கும் தொடரே சாக்ஷி. ஆகவே ஒன்றையொன்று பாராத இரண்டு ஊர்கள், வேறு வேறு சொற்களைக் கொண்டு, மாடு அடைத்த இடத்தின் பெயரையே விறகு அடைத்த இடத்துக்கும் சூட்டியிருக்கின்றன. காட்டிலிருந்து கொணர்ந்து அடைத்துவைக்கும் செல்வம் எதுவானாலும் அதற்குப் பட்டியின் பெயரே பொருந்தும் என்று இரு ஊராரும் எண்ணினார்கள் போலும்.

முதியவரின் உள்ளங்கைகளில் காய்ப்பு ஏறியிருந்தது. அந்தக் காய்ப்பையும் காய்தலோடு சேர்த்து விட என் மனம் துடித்தது. ஆனால் அது மரத்தில் காய்க்கும் காயின் இனம், கெட்டிப்படுதல் என்னும் கருத்தில் பிறந்தது, வேறு சொல். கூலியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அடுக்கிய விறகைக் காட்டி, "இதை அடுத்த மார்கழிக்குத் தொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் தை பிறந்ததும் மலையிறங்கிவிட்டேன். அவ்விறகில் வேறு யாரோ குளிர் காய்ந்திருப்பார்கள்.

தொட்டி, காலை என்னும் இரண்டு பெயர்களே இப்போது என் கையில் இருக்கின்றன. கொங்கு நாட்டிலும், நாஞ்சில் நாட்டிலும், தஞ்சைப் புறத்திலும், இலங்கை மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலும் விறகு அடுக்கும் இடத்துக்கும், அடுக்குக்கும், காய்ந்ததற்கும் காயாததற்கும் வேறு பெயர்கள் வழங்கியிருக்க வேண்டும். எரிவாயு அடுப்பு வருமுன் சமைத்த பாட்டிமார் உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களைக் கேட்டு, ஊர்ப்பெயரோடு எனக்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்.