கட்டியங்காரன் வரட்டும்

1986ல் சித்தேரி மலையில் ஆசிரியராக இருந்தேன். சித்திரைத் திருவிழாவுக்கு அரூர்ப் பக்கமிருந்து கூத்து ஜமா வந்திருந்தது. அன்றைக்கு கர்ண மோட்சம். கட்டியங்காரனின் கொச்சைப் பேச்சு பிள்ளைகள் காதில் விழ வேண்டாமே என்று, "நேரா கதைக்கு வந்துடுங்க" என்று ஜமா வாத்தியாரிடம் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார், மறுக்கவில்லை. படித்தவன் சொல்லுக்கு அப்போதெல்லாம் அவ்வளவு மரியாதை!

மத்தளம் தட்டிக் களரி கட்டினார்கள், சாமி பாட்டு பாடினார்கள், உடனே கர்ணன் திரைக்குப் பின்னால் வந்து நின்றான். பொன்னுருவியிடம் விடைபெறும் கட்டம் முடிகிற நேரத்தில்தான், ஆடு மாடு கட்டிவிட்டுத் தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து புறப்பட்டவர்கள் பந்தம் பிடித்து வந்து சேர்ந்தார்கள். ஒரு பாட்டி என்னிடம், "பொன்னுருவி அழுது முடிச்சுட்டாளா வாத்தியாரே?" என்று கேட்டார். அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். எனக்குப் பதில் வரவில்லை.

அரசவையில் வரவு கூறுகிறவனுக்குக் கட்டியங்காரன் என்று பெயர். கூத்தில் அவன் வேலை அதைவிடப் பெரியது. கூட்டம் சேரும்வரை இழுத்துப் பிடிப்பான். திரைக்குப் பின்னால் நிற்கிற ராஜாவையே "யாரப்பா நீ?" என்று கேட்டு, ஊர் பேர் சொல்ல வைப்பான். துரியோதனனையும் கிண்டல் செய்யலாம், முன்வரிசையில் இருக்கும் ஊர்க்கவுண்டரையும் கிண்டல் செய்யலாம். ராஜா கதைக்குள் நம்ம ஊர் ஆள் ஒருவன் அவன். சங்கரதாஸ் சுவாமிகள் வழி வந்த நாடக மேடையில் இதே வேலையை பபூன் செய்தான். ராஜபார்ட் வருமுன் அவன் வந்தாக வேண்டும்.

இது நம் ஊர் வழக்கம் மட்டும் என்று நினைத்திருந்தேன். ஓய்வு பெற்ற பிறகுதான் ஷேக்ஸ்பியரை நிதானமாகப் படித்தேன். 'அடங்காப்பிடாரியை அடக்குதல்' என்ற அவரது நாடகம், குடித்துவிட்டு மதுக்கடை வாசலில் சண்டை போடும் ஸ்லை என்ற பாத்திரம் பழுதுபார்ப்பவனோடு தொடங்குகிறது. அவன் தூங்கும்போது ஒரு பிரபு வேடிக்கைக்காக அவனைத் தன் மாளிகைப் படுக்கையில் கிடத்தி, 'நீதான் பிரபு' என்று நம்ப வைக்கிறான். ஒரு பையன் பெண் வேடமிட்டு அவனுக்கு மனைவியாகிறான். நாம் பார்க்கும் கதை, அந்தக் குடிகாரனுக்காக நடிகர்கள் ஆடிக்காட்டும் நாடகம்தான்! வேடிக்கை என்னவென்றால், 1623ல் அச்சான பதிப்பில் ஸ்லை கொஞ்ச நேரத்திலேயே காணாமல் போகிறான். திரும்பி வருவதே இல்லை. 1594ல் அச்சான, இதே போன்ற வேறொரு நாடகத்தில் கடைசியில் அவன் கண் விழிக்கிறான்.

லண்டனிலும் ஒரு பென்னி கொடுத்துத் திறந்த வெளியில் நின்றே பார்த்தவர்கள் உண்டு. அவர்களை அடக்கி உட்கார வைக்க முடியாது. தங்களைப் போன்ற ஒருவனை முதலில் மேடையில் காட்டினால் தாமாகவே அடங்குவார்கள் என்று நினைக்கிறேன். இன்னொன்றும் உண்டு: 'இது ஆட்டம், நிஜமில்லை' என்று சொல்லிவிட்டால், அப்புறம் ராஜாவைப் பற்றி எதையும் பேசலாம். நம் காளிதாசன் சாகுந்தலத்திலும் நடியின் பாட்டில் மயங்கிய சூத்திரதாரி, எந்த நாடகம் போட வந்தோம் என்பதையே மறந்து நிற்பான், அவள்தான் நினைவுபடுத்துவாள்.

மறு வருஷம் நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. கட்டியங்காரன் தாராளமாக ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டான். பந்தங்கள் ஒவ்வொன்றாக வந்து அணைந்தன. என்னைப் பார்த்ததும், "வாத்தியாரே, பள்ளிக்கூட மணி அடிக்கலாமா, இன்னும் ஆள் வரணுமா?" என்றான். கூட்டம் சிரித்தது. பாட்டி முன்னாலேயே இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்.