குறுக்கே திரும்பிய எஞ்சின்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்ட பின்னர், யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. அந்நாள்களில் அங்கு ஓடியவை பெரும்பாலும் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பழைய கார்களே. சிறிதளவு பெற்றோல் விட்டு எஞ்சினை இயக்கி, அது சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுவார்கள். அந்தப் புகையின் நெடி இன்னும் என் நினைவை விட்டு அகலவில்லை.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் யார் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அவரை உலகப் புகழுக்கு உயர்த்தியதும் ஒரு பெற்றோல் தட்டுப்பாடுதான் என்பதை அறிந்தபோது வியப்படைந்தேன்.

அவர் பெயர் அலெக் இசிகோனிஸ். 1906 இல், இன்று துருக்கியின் இஸ்மீர் என வழங்கும் ஸ்மேர்னா நகரில் பிறந்தவர். 1922 இல் போர் அந்நகரைச் சூழ்ந்தபோது பெற்றோருடன் வெளியேறி, மோல்ற்றா வழியாக இங்கிலாந்தை அடைந்தவர். அவரது மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அதன் அமைப்பு அக்கால வழக்கப்படியானது: முன்னால் நெடுக்காக எஞ்சின், அதன் பின்னே கியர்பெட்டி, அங்கிருந்து காரின் அடியாகப் பின்சில்லுகள் வரை செல்லும் நீண்ட தண்டு. அத்தண்டுக்கு இடம்விட, காரின் தரை நடுவில் மேடாக எழுந்திருக்கும்.

1956 இல் எகிப்தின் அதிபர் நாசர் சுயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கினார். தொடர்ந்த போரில் கால்வாய் மூடப்பட, அவ்வாண்டு டிசம்பரில் பிரித்தானியாவில் பெற்றோல் பங்கீட்டு முறை வந்தது. பிரிட்டிஷ் மோட்டோர் கோர்ப்பரேஷனின் தலைவர் லெனார்ட் லோர்ட், எண்ணெயைச் சிக்கனப்படுத்தும் சிறிய காரொன்றை விரைவில் உருவாக்குமாறு இசிகோனிஸிடம் கூறினார். கையிலிருந்த எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை.

1959 ஓகஸ்டில் வெளிவந்த மினியின் நீளம் சுமார் 3.05 மீற்றர் மட்டுமே. அதற்குள் நால்வர் அமர முடிந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினை இசிகோனிஸ் குறுக்காகத் திருப்பி வைத்தார். கியர்பெட்டியை எஞ்சினுக்கு அடியில், எண்ணெய்த் தொட்டிக்குள்ளேயே அமைத்தார். முன்சில்லுகளே காரை இழுத்தமையால் நீண்ட தண்டு தேவைப்படவில்லை. எஞ்சினின் பாரமும் அச்சில்லுகளின் மேலேயே அழுத்தியதால் தரையில் பிடிமானம் கூடியது.

முன்சில்லுகள் இழுக்கவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சாதாரண மூட்டு வளையும்போது, அதன் வழியே செல்லும் சுழற்சி சீராக இராது, கைப்பிடி அதிரும். வளைந்த நிலையிலும் வேகம் மாறாது சுழலும் குண்டு மூட்டுகளே இச்சிக்கலைத் தீர்த்தன.

முன்சில்லு இழுவை இசிகோனிஸின் கண்டுபிடிப்பு அன்று. 1934 இல் சித்ரோன் நிறுவனம் 'திராக்சியோன் அவான்' காரை விற்பனைக்கு விட்டிருந்தது. ஜேர்மனியின் டிகேடபிள்யூ 1931 இலேயே சிறிய இரட்டைச் சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே வைத்திருந்தது. நான்கு சிலிண்டர் எஞ்சினுடன் கியர்பெட்டியையும் அவ்வளவு சிறிய இடத்துள் அடக்கியதே இசிகோனிஸின் சாதனை.

ஆயினும் அவர் வழியை உலகம் அப்படியே பின்பற்றவில்லை. இத்தாலியரான தாந்தே ஜக்கோசா, கியர்பெட்டியைக் குறுக்கு எஞ்சினின் ஒரு பக்கத்தில் பொருத்தினார். 1964 இன் ஓட்டோபியாங்கி பிறிமுலாவிலும் 1969 இன் பியற் 128 இலும் வந்த அந்த ஏற்பாடே பின்னர் பெருவழக்காயிற்று. நம் வீதிகள் நன்கறிந்த மாருதி 800 உம் குறுக்கு எஞ்சினும் முன்சில்லு இழுவையும் கொண்டதே.

தட்டுப்பாட்டில் பிறந்தது மினி. ஆனால் எங்கள் தட்டுப்பாட்டில் எங்களைச் சுமந்தது அதன் மூத்த உடன்பிறப்பான மைனர். மினியின் கியர்பெட்டியைத் திருத்த எஞ்சினையே வெளியே தூக்க வேண்டும். மைனரிலோ மூடியைத் திறந்தால் எஞ்சினின் இருபுறமும் கைவிட்டு வேலைசெய்ய இடமிருந்தது. உதிரிப்பாகம் வராத ஊரில், அந்த வெற்றிடந்தான் எங்கள் கராஜ்காரர்களுக்குக் கிடைத்த பெருங்கொடை.