முற்றுதல்

முற்றுதல் என்பது சூழ்தல், வளைத்தல், முதிர்தல், முடிவடைதல் ஆகிய பொருள்களைத் தரும் தமிழ் வினைச்சொல் ஆகும். பகைவரின் அரணைப் படையால் சூழ்ந்து கொள்வதைக் குறிக்கும் முற்றுகை என்னும் பெயர்ச்சொல் இதிலிருந்து பிறந்தது.

சொற்பொருள்

சூழ்தல் என்னும் பொருளில் இவ்வினை செயப்படுபொருளை ஏற்கும் (அரணை முற்றினர்). முதிர்தல் என்னும் பொருளில் ஏற்காது (கதிர் முற்றியது). இப்பொருளில் பேச்சு வழக்கில் 'முத்துதல்' எனத் திரியும். வினைமுற்று, முற்றுப்புள்ளி ஆகியவற்றில் முடிவு என்னும் பொருள் உள்ளது.

இலக்கணத்தில்

தொல்காப்பியம் அரணை முற்றுதலையும் கைப்பற்றுதலையும் உழிஞைத் திணையில் கூறுகிறது. இது வயல் சார்ந்த மருதத்திற்குப் புறத்திணை ஆகும். புறப்பொருள் வெண்பாமாலை, உள்ளிருந்து காப்போரின் செயலை நொச்சி எனத் தனித்திணையாகப் பிரிக்கிறது.

மதுரை முற்றுகை

வைகைச் சமவெளியில் அமைந்த மதுரை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மருதநாயகம் எனப்படும் முகம்மது யூசுப்கான் காத்து நின்ற மதுரைக் கோட்டையை ஆங்கிலேயரும் ஆர்க்காட்டு நவாபும் 1763இல் முற்றுகையிட்டனர். மழைக்காலத்தால் அம்முயற்சி தடைப்பட்டது. 1764 சூனில் மதிலைத் தாக்கியும் வெல்ல இயலவில்லை. எனவே, கோட்டைக்குள் உணவு செல்லாதவாறு வழிகளை அடைத்தனர். பசியால் உள்ளிருந்தோர் தளர்ந்தனர். யூசுப்கான் தம்மவராலேயே பிடித்துக் கொடுக்கப்பட்டு, 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார். மதில் செய்யாததைப் பசி செய்தது. முற்றுகையின் வலிமை இதுவே. பின்னர் 19ஆம் நூற்றாண்டில் ஆட்சியர் பிளாக்பர்ன் காலத்தில் அக்கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டன. அவ்விடத்தை ஒட்டி வெளி வீதிகள் அமைந்தன.

தற்கால வழக்கு

இன்று 'முற்றினர்' என்பது சூழ்தல் பொருளில் அருகிவிட்டது. 'முற்றுகையிட்டனர்' என்பதே வழக்கில் உள்ளது. சூழ்வோரும் மாறியுள்ளனர். முன்பு படைகள் ஊரைச் சூழ்ந்தன. இன்று குடிநீர், பாசன நீர், பட்டா முதலியன கோரும் மக்கள் அரசு அலுவலகத்தைச் சூழ்வது முற்றுகைப் போராட்டம் எனப்படுகிறது.

இதற்கு இணையான 'கெராவ்' என்னும் இந்திச் சொல், 1960களின் இறுதியில் மேற்கு வங்கத் தொழிலாளர் போராட்டங்களால் பரவி, இந்திய ஆங்கிலத்தில் வினைச்சொல்லாகவும் ஆயிற்று. இவ்வாறு ஒருவரை வெளியேற விடாமல் தடுத்து வைப்பது குற்றமாகும் எனக் கல்கத்தா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.