கில்ட் துணியில் கலப்பு வந்த கதை

எமது பழைய மாணவியர் பலர் இன்று கனடாவிலும் பிரித்தானியாவிலும் குடும்பமாக வாழ்கின்றனர். அவர்களுடைய பெண்பிள்ளைகளிற் சிலர், பின்புறம் மடிப்புகள் நிறைந்த கட்டம் போட்ட கில்ட் பாவாடையுடன் பள்ளிக்கூடம் போகின்றனர். அதன் உட்புறத்துச் சீட்டில் கம்பளி இத்தனை வீதம், பொலியெஸ்டர் இத்தனை வீதம் என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் நீண்ட வரலாறு உண்டு.

கில்ட் ஸ்கொட்லாந்து மலைநாட்டு ஆண்களின் உடை. யாக்கோபியரின் கிளர்ச்சி அடக்கப்பட்டதும், 1746இல் இயற்றப்பட்ட சட்டமொன்று அவ்வுடையைத் தடைசெய்தது. முதற் குற்றத்துக்கு ஆறு மாதச் சிறை. மீண்டும் அணிந்தால் ஏழாண்டு நாடுகடத்தல். இராணுவத்தினருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1782இல் தடை நீங்கியது. பனொக்பேர்ணில் இருந்த வில்சன் குடும்பத்தின் நெசவாலை, 1819இல் தன் கட்ட வகைகளை ஒரு குறிப்பேட்டில் ஒழுங்குபடுத்தி வைத்தது. 1822இல் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, வரவேற்பைப் பொறுப்பேற்ற சேர் வோல்ற்றர் ஸ்கொட் எங்கும் டார்டன் துணி விளங்கச் செய்தார். தண்டனைக்குரிய உடை அரச மரியாதைக்குரிய உடையாயிற்று.

அக்காலத்துத் துணி முழுக் கம்பளி. ஆண்களின் முழுக் கில்ட் ஒன்றுக்கு ஒற்றை அகலத்தில் ஏறக்குறைய எட்டு யார், அதாவது இரட்டை அகலத்தில் நான்கு யார் வேண்டும். யாருக்கு 16 அவுன்ஸ் நிறையுள்ள துணியென்றால் நான்கு இறாத்தல் இடுப்பில் தொங்கும். அந்தப் பாரமே மடிப்பை நேராக விழச் செய்கிறது. கீழ் விளிம்பு மடித்துத் தைக்கப்படுவதில்லை. துணியின் கரையே விளிம்பாக நிற்கும்.

பெண்பிள்ளைகளும் கில்ட் அணிந்து மேடையேறினர். இங்கிலாந்தின் டகன்ஹாமில் 1930இல் ஒரு போதகர் பன்னிரண்டு சிறுமிகளுடன் தொடங்கிய பைப் வாத்தியக் குழு பின்னர் பல நாடுகளுக்குச் சென்று புகழ்பெற்றது. ஆயினும் நாள்தோறும் அணிந்து, அடிக்கடி துவைக்கும் பள்ளிச் சீருடைக்குக் கனத்த கம்பளி ஒத்துவரவில்லை. விலை அதிகம், துவைப்பில் சுருங்கும், நனைந்தால் மடிப்புக் குலையும்.

1941இல் வின்ஃபீல்ட், டிக்சன் என்னும் இரு பிரித்தானிய இரசாயனவியலாளர் பொலியெஸ்டர் இழையைக் கண்டுபிடித்தனர். அதுவே டெரிலீன். சூட்டில் மடித்து ஆறவிட்டால் மடிப்பு அப்படியே நிற்பது அதன் குணம். 55 வீதம் டெரிலீன், 45 வீதம் கம்பளி என்ற கலவை பாவாடைத் துணிகளில் பேர்பெற்றது. கம்பளிக்காரரும் சும்மா இருக்கவில்லை. 1957இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் கம்பளியிலேயே நிலையான மடிப்பை உண்டாக்கும் சிரோசெற் முறையைக் கொண்டுவந்தனர்.

துணி தெரிவுசெய்யும் தாய்மாருக்கு இவ்வரலாறு பயன்படும். செயற்கை இழை மிகுந்த மெல்லிய துணி துவைக்க இலகு. ஆனால் மடிப்பு பாரமின்றி விரிந்து பறக்கும், உரசுமிடத்தில் சிறு உருண்டைகள் தோன்றும். கைக்குள் கசக்கி விட்டுப் பாருங்கள்: நல்ல கம்பளிக் கலப்பு விரைவில் நிமிரும். கட்டம் நெய்யப்பட்டதா, அச்சடிக்கப்பட்டதா என்று மறுபுறத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். கட்டம் பெரிதானால் மடிப்புகளில் கோடுகள் பொருந்தக் கூடுதல் துணி தேவை. வளரும் பிள்ளைக்குக் கீழ்விளிம்பை மடித்துத் தைத்திருப்பது நன்று. அடுத்த ஆண்டு இறக்கிவிடலாம். மினுக்கும்போது மேலே ஈரத்துணி போட்டு மிதமான சூட்டில் அழுத்தினால் பளபளப்பு ஏறாது.

மலைநாட்டு நெசவாளர் நெய்த துணியும் இன்றைய சீருடைத் துணியும் ஒன்றல்ல. ஆனால் கம்பளி தரும் பாரமும் பொலியெஸ்டர் தரும் உறுதியும் சேர்ந்ததால்தான், ஒருகாலம் போர்வீரருக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட உடையை இன்று பள்ளிச் சிறுமி பஸ்ஸுக்கு ஓடும்போதும் அணிகிறாள்.