காற்றிலிருந்து அம்மோனியா: கார்ல்ஸ்ரூஹே தொழில்நுட்பக் கல்லூரியின் ஆய்வு (1904–1911)

ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள கார்ல்ஸ்ரூஹே நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் 1904 முதல் 1911 வரை நடந்த அம்மோனியா ஆய்வு, பயன்பாட்டு அறிவியல் வரலாற்றில் பெரும் விளைவுகளை உண்டாக்கியவற்றுள் ஒன்று. பள்ளிப் பாடநூல்களில் இது 'ஹேபர் முறை' என்ற பெயரில் ஒரு சமன்பாடாகவும், வெப்பநிலை, அழுத்தம், வினையூக்கி என்ற மூன்று குறிப்புகளாகவும் இடம்பெறுகிறது. மாணவர்கள் மனப்பாடம் செய்யும் அந்த மூன்று குறிப்புகளையும் கண்டறியப் பலர் பல ஆண்டுகள் உழைத்தார்கள். அதன் பயனாக உலகுக்கு உரமும் கிடைத்தது, வெடிமருந்தும் கிடைத்தது.

நைட்ரஜன் பஞ்சம்

காற்றில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன்தான். ஆனால் அதன் இரண்டு அணுக்களும் மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டிருப்பதால் பெரும்பாலான பயிர்களால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. பயறுவகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியாக்களும் மின்னலும் அதில் சிறிதளவைப் பயிருக்கு ஏற்ற வடிவமாக மாற்றுகின்றன. தொழு உரமும் தழை உரமும் மண் இழந்த நைட்ரஜனை ஓரளவு ஈடுசெய்கின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மக்கள்தொகை பெருகியபோது இவை போதவில்லை. தென் அமெரிக்காவின் சிலி நாட்டுப் பாலைவனத்தில் வெட்டி எடுக்கப்பட்ட சோடியம் நைட்ரேட் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு வந்தது. அதே உப்புதான் நைட்ரிக் அமிலத்துக்கும், அதன் வழியாக வெடிமருந்துக்கும் மூலப்பொருள். 1898இல் பிரிஸ்டல் நகரில் நடந்த பிரித்தானிய அறிவியல் முன்னேற்றச் சங்கக் கூட்டத்தில் தலைமையுரை ஆற்றிய வில்லியம் குரூக்ஸ், சிலியின் படிவுகள் தீர்ந்தால் கோதுமை உண்ணும் நாடுகள் பட்டினியை எதிர்நோக்க வேண்டியிருக்கும் என்று எச்சரித்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் வழியை வேதியியலாளர்கள்தாம் கண்டறிய வேண்டும் என்பது அவர் விடுத்த அறைகூவல்.

கல்லூரியும் அதன் சூழலும்

கார்ல்ஸ்ரூஹே கல்லூரி 1825இல் பாடன் நாட்டின் பெருங்கோமகன் லுட்விக் என்பவரால் பல்தொழில்நுட்பப் பள்ளியாக நிறுவப்பட்டது. பாரிஸ் நகரத்துப் பல்தொழில்நுட்பப் பள்ளி அதற்கு முன்மாதிரி. 1885இல் அது தொழில்நுட்ப உயர்கல்லூரி என்ற நிலையைப் பெற்றது. மின்காந்த அலைகள் உண்மையில் இருப்பதை ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் செய்து காட்டியதும் இங்கேதான். 1885 முதல் 1889 வரை அவர் இங்குப் பேராசிரியராக இருந்தார்.

பழைய பல்கலைக்கழகங்கள் தூய அறிவியலையே உயர்வாகக் கருதிய காலம் அது. தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கோ ஆலைகளுடன் நேரடித் தொடர்பு இருந்தது. கார்ல்ஸ்ரூஹேயிலிருந்து ரைன் ஆற்றை ஒட்டி வடக்கே சென்றால் லுட்விக்ஸ்ஹாஃபன் நகரம். செயற்கைச் சாயங்களால் வளர்ந்த பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்தின் பெரிய ஆலை அங்கு இருந்தது. கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் கார்ல் எங்லர் அந்நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவிலும் இடம்பெற்றிருந்தார். இந்த அண்மை பின்னர் பெரிதும் உதவியது.

ஃபிரிட்ஸ் ஹேபர்

ஃபிரிட்ஸ் ஹேபர் 1868 டிசம்பர் 9 அன்று பிரெஸ்லாவ் நகரில் யூத வணிகக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். 1894இல் கார்ல்ஸ்ரூஹேக்கு உதவியாளராக வந்தார். இயற்பிய வேதியியலைப் பெரும்பாலும் தாமாகவே கற்று, 1906இல் அத்துறையின் முழுப் பேராசிரியரானார்.

1904ஆம் ஆண்டு வாக்கில் வியன்னாவைச் சேர்ந்த தொழில் நிறுவனம் ஒன்று, நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் நேரடியாக இணைத்து அம்மோனியா செய்ய இயலுமா என்று அவரிடம் கேட்டது. அதற்கு முன்பே பலர் முயன்று தோற்றிருந்தனர். பிரான்சின் ஹென்றி லூயி லே சாட்லியர் 1901இல் உயர் அழுத்தத்தில் செய்த சோதனை வெடித்ததால் அதைக் கைவிட்டார். ஜெர்மனியின் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1900இல் இரும்பைக் கொண்டு அம்மோனியா செய்துவிட்டதாக பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்திடம் தெரிவித்தார். அந்நிறுவனத்தின் இளம் வேதியியலாளர் கார்ல் போஷ் சோதித்துப் பார்த்து, கிடைத்த அம்மோனியா காற்றின் நைட்ரஜனிலிருந்து வரவில்லை, இரும்பில் முன்பே கலந்திருந்த நைட்ரைடிலிருந்து வந்தது என்று காட்டினார். புகழ்பெற்ற பேராசிரியரின் பிழையை அன்று கண்டுபிடித்த இளைஞரே பின்னாளில் ஹேபரின் முறையை ஆலைக்குக் கொண்டுபோனார்.

ஹேபரின் முதல் சோதனைகள் 1000 டிகிரி செல்சியஸ் அளவில் சாதாரண அழுத்தத்தில் நடந்தன. பத்தாயிரம் பங்கு வாயுவில் ஒரு பங்கு அளவே அம்மோனியா கிடைத்தது. தொழிலுக்கு இது உதவாது என்று முடிவு செய்து, ஹேபர் அந்த ஆய்வை ஒதுக்கி வைத்தார்.

ஹாம்பர்க் கூட்டம்

ஒதுக்கி வைத்த ஆய்வை மீண்டும் எடுக்க வைத்தது ஒரு கருத்து மோதல். பெர்லின் பேராசிரியர் வால்டர் நெர்ன்ஸ்ட் தமது புதிய வெப்பத் தேற்றத்தைக் கொண்டு கணக்கிட்டபோது, ஹேபர் வெளியிட்ட அளவு பொருந்தவில்லை. 1907இல் ஹாம்பர்க்கில் நடந்த பன்சன் சங்கக் கூட்டத்தில், ஹேபரின் எண்கள் தவறானவை என்று அவர் எல்லார் முன்னிலையிலும் கூறினார். ஹேபரின் முதல் அளவீடு உண்மையிலேயே சற்று மிகையாக இருந்தது. ஹேபர் அதற்கு முன்பே மறு அளவீட்டைத் தொடங்கியிருந்தார். ஆனால் பொது அவையில் நேர்ந்த அந்தத் தலைகுனிவு அவரை இன்னும் தீவிரமாக உழைக்கத் தூண்டியது.

மறு அளவீடுகளின்போது ஒரு வழி தெளிவாயிற்று. ஒரு பங்கு நைட்ரஜனும் மூன்று பங்கு ஹைட்ரஜனும் சேர்ந்தால் இரண்டு பங்கு அம்மோனியா கிடைக்கிறது. நான்கு பங்கு இரண்டாகச் சுருங்குவதால், அழுத்தத்தைக் கூட்டினால் அம்மோனியா மிகும். வினை வெப்பத்தை வெளியிடுவதால், வெப்பநிலையைக் குறைத்தாலும் அம்மோனியா மிகும். ஆனால் வெப்பநிலை குறைந்தால் வினை நத்தை வேகத்தில் நடக்கும். ஆகவே உயர்ந்த அழுத்தம், ஓரளவு தாழ்ந்த வெப்பநிலை, வேகத்தைக் கூட்ட நல்ல வினையூக்கி ஆகிய மூன்றும் ஒருங்கே தேவைப்பட்டன.

இவற்றோடு நான்காவதாக ஒன்றையும் ஹேபர் சேர்த்தார். உருவான அம்மோனியாவைக் குளிர்வித்துத் திரவமாகப் பிரித்து, இணையாமல் மிஞ்சிய வாயுவை மீண்டும் மீண்டும் உலைக்குள் செலுத்தும் சுழற்சி முறை அது. ஒரு சுற்றில் எவ்வளவு குறைவாகக் கிடைத்தாலும், வாயு வீணாகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் அளவு போதுமானதாகும். வெளியேறும் வாயுவின் வெப்பம் உள்ளே வரும் வாயுவைச் சூடாக்கவும் பயன்பட்டது. சுழற்சி முறைக்கு 1908 அக்டோபர் 13 அன்று காப்புரிமை கோரப்பட்டது.

பட்டறையின் பங்கு

தாளில் எழுதிய கணக்கைக் கருவியாக்கியவர் இராபர்ட் லே ரோசிஞோல். 1884இல் ஜெர்சி தீவில் பிறந்து, இலண்டனில் படித்துவிட்டுக் கார்ல்ஸ்ரூஹேக்கு ஆய்வு செய்ய வந்தவர் அவர். கடலில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் இருப்பது போன்ற அழுத்தத்தை, செந்தணலாகக் காயும் குழாய்க்குள், வாயு கசியாமல் தாங்கவேண்டும். அக்காலத்தில் கடையில் வாங்கக்கூடிய வால்வு எதுவும் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. கூம்பு வடிவ முனை கொண்ட புதிய வால்வை லே ரோசிஞோல் வடிவமைத்தார். ஆய்வுக்கூடத்தின் இயந்திரப் பணியாளர் ஃபிரீட்ரிஹ் கிர்ஹன்பாவர் பாகங்களைக் கடைந்து கொடுத்தார்.

வினையூக்கியும் தற்செயலாகக் கைக்கெட்டியது. ஹேபர் ஆவுவர் விளக்கு நிறுவனத்துக்கு ஆலோசகராக இருந்ததால், விளக்கு இழைக்குப் பயன்பட்ட ஆஸ்மியம் என்ற அரிய உலோகம் அவரிடம் இருந்தது. 1909 மார்ச் மாதம் அதைச் சோதித்தபோது அம்மோனியா சொட்டு சொட்டாக வடிந்தது.

1908 மார்ச்சிலேயே பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆகியிருந்தது. ஆனால் நூறு வளிமண்டல அழுத்தம் வேண்டும் என்று கேட்டதும் அந்நிறுவனத்தின் ஆய்வுத் தலைவர் தயங்கினார். எஃகுத் தொழிலின் திறனை அறிந்திருந்த கார்ல் போஷ், முயன்று பார்க்கலாம் என்று கூறியதால் பணி தொடர்ந்தது.

1909 ஜூலை 2

அன்று போஷும் வினையூக்கி வல்லுநர் ஆல்வின் மிட்டாஷும் கருவியை நேரில் பார்க்கக் கார்ல்ஸ்ரூஹேக்கு வந்தனர். கருவியை இறுக்கும்போது திருகாணி ஒன்று தெறித்தது. பழுது பார்க்கப் பல மணி நேரம் ஆயிற்று. போஷ் புறப்பட்டுச் சென்றுவிட்டார், மிட்டாஷ் காத்திருந்தார். கருவி மீண்டும் இயங்கத் தொடங்கியதும் கண்ணாடிக் குழாயில் திரவ அம்மோனியா ஏறுவதை அவர் கண்டார். ஒரு மணிக்கு ஏறத்தாழ 80 கிராம் கிடைத்தது. மேசையளவுக் கருவிக்கு அது பெரிய அளவு. முறை வெல்லும் என்று மிட்டாஷ் உறுதிகொண்டார்.

மேசையிலிருந்து ஆலைக்கு

கிராம் கணக்கை டன் கணக்காக்கும் வேலை கல்லூரியின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆஸ்மியம் உலகில் கிடைத்தது மிகச் சிறிதளவே. மிட்டாஷின் குழு ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, ஸ்வீடன் நாட்டு இரும்புத் தாது ஒன்று நன்றாக வேலை செய்வதைக் கண்டது. இரும்புடன் அலுமினிய ஆக்சைடும் பொட்டாசியமும் கால்சியமும் சிறிதளவு சேர்ந்த வினையூக்கி அதிலிருந்து உருவாயிற்று. இன்றும் பெரும்பாலான ஆலைகளில் இதன் வழிவந்த வினையூக்கிகளே உள்ளன.

அடுத்த தடை உலை. போஷ் அமைத்த முதல் எஃகுக் குழாய்கள் ஏறத்தாழ 80 மணி நேரத்தில் வெடித்தன. சூடான ஹைட்ரஜன் எஃகுக்குள் ஊடுருவி, அதற்கு வலிமை தரும் கார்பனை நீக்கிவிட்டதே காரணம். எஃகுக் குழாய்க்குள் கார்பன் இல்லாத மெல்லிரும்பு உறை ஒன்றைப் பொருத்தி, வெளிச் சுவரில் சிறு துளைகள் இட்டு, ஊடுருவும் ஹைட்ரஜன் தீங்கின்றி வெளியேறும்படி போஷ் செய்தார். 1913 செப்டம்பரில் லுட்விக்ஸ்ஹாஃபனை அடுத்த ஒப்பாவ் என்னும் இடத்தில் உலகின் முதல் அம்மோனியாத் தொகுப்பு ஆலை இயங்கத் தொடங்கியது.

உரமும் போரும்

ஆலை தொடங்கி ஓராண்டு நிறைவதற்குள் முதல் உலகப் போர் மூண்டது. பிரித்தானியக் கடற்படையின் முற்றுகையால் சிலி உப்பு ஜெர்மனிக்கு வருவது நின்றது. உரத்துக்காக அமைந்த ஆலை 1915இல் வெடிமருந்துக்கான நைட்ரிக் அமிலத்தின் பக்கம் திரும்பியது. 1917இல் லொய்னாவில் இரண்டாவது பெரிய ஆலை எழுந்தது. சிலி உப்பு இல்லாமலே ஜெர்மனி நான்கு ஆண்டுகள் போரிட இம்முறை உதவியது. 1921 செப்டம்பர் 21 அன்று ஒப்பாவில் சேமித்து வைத்திருந்த உரக் கலவை வெடித்து 500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உரமும் வெடிமருந்தும் எவ்வளவு நெருங்கியவை என்பதை அந்த நாள் காட்டியது.

ஹேபர் 1911இல் கார்ல்ஸ்ரூஹேயை விட்டுப் பெர்லின் ஆய்வு நிறுவனத்தின் தலைவராகச் சென்றார். போரின்போது நச்சு வாயுப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்பர் அருகே குளோரின் வாயு ஏவப்பட்டது. அடுத்த சில நாள்களில், மே மாதத் தொடக்கத்தில், வேதியியலில் முனைவர் பட்டம் பெற்றவரான அவர் மனைவி கிளாரா இம்மர்வார் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1918ஆம் ஆண்டுக்கான வேதியியல் நோபல் பரிசு ஹேபருக்கு வழங்கப்பட்டபோது, நச்சு வாயுப் பணியைச் சுட்டிக்காட்டிப் பல நாட்டு அறிஞர்கள் எதிர்த்தனர். உயர் அழுத்தத் தொழில்நுட்பத்துக்காக 1931இல் போஷும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். லே ரோசிஞோலுக்குக் காப்புரிமை வருவாயில் பங்கு கிடைத்ததே தவிர நோபல் பரிசில் பங்கு இல்லை. எதிரி நாட்டவர் என்பதால் போரின்போது அவர் ஜெர்மனியில் சிறைமுகாமில் அடைக்கப்பட்டார். 1933இல் நாஜி அரசு யூத ஊழியர்களை நீக்க உத்தரவிட்டதும் ஹேபர் பதவி விலகி நாட்டை விட்டு வெளியேறினார். 1934 ஜனவரி 29 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் காலமானார்.

மதிப்பீடு

இன்றைய உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு, தொகுக்கப்பட்ட அம்மோனியாவிலிருந்து வந்த நைட்ரஜனைச் சார்ந்துள்ளது. தமிழ்நாட்டு வயல்களில் பசுமைப் புரட்சிக்குப் பின் யூரியா பரவியதும், 1970களில் மணலியிலும் தூத்துக்குடியிலும் உர ஆலைகள் இயங்கத் தொடங்கியதும் இதே முறையின் தொடர்ச்சிதான். மறுபுறம், இம்முறை பெருமளவு எரிபொருளை விழுங்குகிறது. அளவுக்கு மீறி இடப்படும் உரம் ஆறுகளையும் ஏரிகளையும் கெடுக்கிறது.

இந்த வரலாற்றில் கண்டுபிடிப்பாளர் ஒருவரல்லர். பிழையைச் சுட்டிய நெர்ன்ஸ்ட், வால்வை வடிவமைத்த லே ரோசிஞோல், பாகங்களைக் கடைந்த கிர்ஹன்பாவர், காத்திருந்து பார்த்த மிட்டாஷ், உலையைக் காத்த போஷ் ஆகிய அனைவரின் கைகளும் சேர்ந்தே அந்த ஒருவரிச் சமன்பாட்டை ஆலையாக்கின. கோட்பாடும் பட்டறையும் ஒரே கூரையின்கீழ் இருந்ததும், ஆலை அருகிலேயே இருந்ததும் கார்ல்ஸ்ரூஹேயின் பலம். கிடைத்த அம்மோனியா வயலுக்குப் போகவேண்டுமா, போர்க்களத்துக்குப் போகவேண்டுமா என்ற முடிவு மட்டும் அந்த ஆய்வுமேசையில் எடுக்கப்படவில்லை. எனினும் அதைக் கண்டறிந்தவரே போர்க்களத்துக்கும் சென்றார் என்பதால், அந்தக் கேள்வி ஆய்வாளரையும் விட்டுவிடுவதில்லை.